மலையரணுக்குள் புகுந்த பகை

கண்டிக்குச் செல்லும் புகையிரதம் கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடந்து பேராதனையை நெருங்கும் வேளையில், அவ்வழியே முதன்முறை வருபவர் எவரும் சாளரத்தை விட்டுக் கண்ணை அகற்ற விரும்பார். அடுக்கடுக்காய் எழுந்து நிற்கும் மலைகள். மலைகளின் இடையில் வெண்துகிலாய்ச் சுற்றிக் கிடக்கும் மூடுபனி. அதன் கீழே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், கிண்ணத்தின் அடியில் வைத்த மலர் போலக் கண்டி மாநகர். ஒரு பக்கம் ஹந்தானை மலைத்தொடர் காவல் நிற்கிறது. மறுபக்கம் பஹிரவகந்தைக் குன்று. ஏரிக்கு மேலே உடவத்தகலைக் காடு. மகாவலி கங்கையோ நகரை வளைந்து ஓடி, வெட்டாத அகழியாய் அமைந்திருக்கிறது.

இயற்கை வகுத்த இந்த அரண்தான் கண்டி இராச்சியத்தை நெடுங்காலம் காத்தது. பேராதனைக்கு அருகே உள்ள கன்னொறுவையில் 1638ஆம் ஆண்டு போர்த்துக்கேயப் படை அழிந்தது. 1765இல் நகருக்குள் நுழைந்த ஒல்லாந்தரால் அங்கே நிலைத்திருக்க முடியவில்லை. 1803இல் வந்த ஆங்கிலேயப் படைக்கும் அதே கதிதான். 1815இல் இராச்சியம் வீழ்ந்ததும் மலைகள் தோற்றதால் அன்று. மன்னனோடு பிரதானிகள் பகைத்ததால். ஏரியை வெட்டுவித்த அந்த மன்னன், நாயக்கர் வழிவந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து 1832இல் மறைந்தான்.

அன்று பகைவரை வெளியே நிறுத்திய மலைகள், இன்று வேறொரு பகையை உள்ளே பிடித்து வைத்திருக்கின்றன. அதன் பெயர் புகை. அது முதலில் தாக்குவது நகரின் குழந்தைகளை.

அப்பாயியின் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்கழி மாத இரவு. கட்டுக்கலைப் பக்கத்தில் நாம் குடியிருந்த காலம். இரவு இரண்டு மணியளவில் கதவு தட்டப்பட்டது. அடுத்த வீட்டுக்காரர் நின்றார். கலகாவுக்கு அருகேயுள்ள தோட்டமொன்றிலிருந்து நகருக்கு வந்து, புடைவைக் கடையொன்றில் கணக்கெழுதிப் பிழைக்கும் குடும்பத் தலைவர் அவர். “ஐயா, பையனுக்கு மூச்சு ஓடலிங்க. ஒரு ஆட்டோ பிடிச்சுத் தாங்க” என்றார்.

உள்ளே போய்ப் பார்த்தோம். ஏழு வயதுச் சிறுவன் பாயில் குந்தி, இரு கைகளையும் முழங்காலில் ஊன்றி, முன்னே வளைந்து இருந்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்கள் மேலே ஏறின. விலா எலும்புகளுக்கிடையே தசை உள்ளே குழிந்தது. நெஞ்சிலிருந்து சீழ்க்கை போன்ற ஓர் ஒலி. பேச முயன்றான், இரண்டு சொல்லுக்கு மேல் வரவில்லை. தாய் நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூலையில் நுளம்புத்திரி ஒன்று, யாரும் கவனியாமல், தன்பாட்டில் புகைந்துகொண்டிருந்தது.

வைத்தியசாலையில் முகமூடி வைத்து மருந்துப் புகாரைச் சுவாசிக்கச் செய்தார்கள். அரைமணிக்குள் சீழ்க்கை தணிந்தது. பிறகு அங்கிருந்த இளம் பெண் வைத்தியர் சிறுவனின் பாட்டியை விசாரித்தார்.

“பனிக்காத்து பட்டிருச்சு டாக்டரம்மா. நேத்துச் சாயங்காலம் தலைய மூடாம வெளியே ஓடுனான். மத்தியானம் வாழைப்பழம் வேற தின்னான்.”

“அது இருக்கட்டும் அம்மா. வீட்டில் என்ன அடுப்பு? இரவில் நுளம்புத்திரி கொளுத்துவீர்களா? பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியால் போகிறான்?”

அப்பாயி பதில் சொன்னார். ஆனால் முகத்தில் வியப்புத் தீரவில்லை. வெளியே வந்ததும் எம்மிடம் கேட்டார்: “மூச்சு முட்டுற பிள்ளைக்கும் அடுப்புக்கும் என்னங்க சம்பந்தம்?”

அக்கேள்விக்கு அன்று எம்மிடம் ஒழுங்கான விடை இல்லை. பின்னர் படித்தும் விசாரித்தும் அறிந்ததை இங்கே சொல்கிறோம்.

நோயின் இயல்பு

இந்நோய்க்கு நம்மவரிடையே பெயர்கள் பல. யாழ்ப்பாணத்தார் தொய்வு என்பர். முட்டு என்பாரும் உளர். மலையகத் தோட்டங்களில் இழுப்பு. சித்த வைத்தியர் ஈளை, இரைப்பு என்பர். ஆங்கில வைத்தியத்தின் ஆஸ்துமா என்ற சொல் இன்று எல்லார் நாவிலும் பழகிவிட்டது. ஒரு நோய்க்கு இத்தனை பெயர் வழங்குவதிலிருந்தே அது நமக்கு எவ்வளவு பழைய உறவு என்பது விளங்கும்.

சுவாசப்பைக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழல்கள் மரத்தின் கிளைகளைப் போலப் பிரிந்து பிரிந்து நுண்ணியவாகின்றன. ஆஸ்துமா உள்ள பிள்ளையின் குழல்களில் உட்சுவர் எப்போதும் சிறிது வீங்கிச் சிவந்திருக்கும். அந்தப் புண்பட்ட சுவரை ஏதேனும் உறுத்திவிட்டால், குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது; சுவர் மேலும் வீங்குகிறது; சளி சுரந்து மிஞ்சிய வழியையும் அடைக்கிறது. உள்ளே போன மூச்சு வெளியே வர வழியின்றித் திணறுகிறது. நாம் கேட்கும் சீழ்க்கை, அந்த ஒடுங்கிய வழியால் காற்று படும் பாட்டின் ஓசை.

உறுத்துபவை எவை? தடிமன் காய்ச்சலைத் தரும் வைரசுக் கிருமிகளே குழந்தைகளிடம் முதலிடம் வகிப்பவை. ஒவ்வாமை மற்றொன்று. உடலின் காவற்காரன் நண்பனையும் திருடனென்று மயங்கிக் கூச்சலிடுவது போன்றது அது. மெத்தையிலும் தலையணையிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சி, கரப்பான் பூச்சியின் கழிவு, பூனை மயிர், ஈரச் சுவரில் பூக்கும் பூஞ்சணம், மகரந்தம் ஆகியன அந்தக் கூச்சலுக்குக் காரணமாகும். மழையும் ஈரமும் மிகுந்த கண்டியில் பூஞ்சணம் படியாத சுவரைக் காண்பது அரிது. தாய் தந்தையரிடமிருந்து வரும் பரம்பரை இயல்பும் உண்டு. குளிர்ந்த காற்றும் சிலருக்கு மூச்சை இறுக்கும். ஆகவே அப்பாயி பனியைக் குற்றஞ்சாட்டியதில் உண்மை அறவே இல்லை என்று நாம் சொல்லவில்லை.

ஆயினும் குற்றவாளிக் கூண்டில் பனியும், வாழைப்பழமும், தயிரும், ஐஸ்கிறீமும் ஏற்றப்படும்போது, புகை மட்டும் சாட்சிக்கும் அழைக்கப்படாமல் தப்பிவிடுகிறது. புகை உட்சுவரை நேரே புண்படுத்துகிறது. புண்பட்ட சுவரில் ஒவ்வாமையும் கிருமியும் எளிதில் வேலைசெய்கின்றன. வாகன நெரிசல் மிக்க தெருக்களை ஒட்டி வளரும் பிள்ளைகளிடையே ஆஸ்துமா புதிதாகத் தோன்றுவதும் மிகுதி என்று உலகின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் கூறுகின்றன.

குழந்தையை இது ஏன் கூடுதலாகத் தாக்குகிறது? வளர்ந்தவரிலும் குழந்தை விரைவாக மூச்சுவிடுகிறது. தன் உடல் எடைக்கு மிகுதியான காற்றை உள்ளே இழுக்கிறது. அதன் சுவாசப்பையின் நுண்ணறைகள் பிறந்த பின்னரும் பல ஆண்டுகள் பெருகி வளர்கின்றன. அவ்வளர்ச்சிக் காலத்தில் படும் பழுது பிற்காலத்துக்கும் தொடரக்கூடும். மற்றொன்றையும் தெருவில் நின்று பார்த்தால் அறியலாம். வளர்ந்தவரின் முகத்தைவிட நடக்கும் பிள்ளையின் முகம் வாகனத்தின் புகைக்குழாய்க்கு நெருங்கியது.

கிண்ணத்துக்கு மூடி

காலை ஏழு மணிக்குக் கண்டி நகரைப் பார்க்க வேண்டும். கட்டுகஸ்தோட்டை வழியாலும், பேராதனை வழியாலும், தென்னக்கும்புரை வழியாலும் வாகனங்கள் ஒரே வேளையில் நகருக்குள் பாய்கின்றன. பெயர்பெற்ற பாடசாலைகள் பலவும் நகரின் நடுவிலேயே நெருங்கி இருப்பதால், நூற்றுக்கணக்கான பாடசாலை வான்களும் முச்சக்கர வண்டிகளும் அந்த ஒரு மணி நேரத்திலேயே வந்து சேரும். மணிக்கூண்டுச் சந்தியிலும் குட்ஷெட் பஸ் நிலையத்திலும் பழைய டீசல் பஸ்கள் இயந்திரத்தை நிறுத்தாமல் உறுமிக்கொண்டு நிற்கின்றன. தெருக்களோ அரசர் காலத்தில் மாட்டு வண்டிக்கும் பல்லக்குக்கும் அமைந்தவை. 1998இல் குண்டுவெடிப்புக்குப் பின் தலதா மாளிகைக்கு முன்னாலுள்ள வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டபோது, அவ்வழியே சென்றவை எல்லாம் ஏனைய வீதிகளில் நெருக்குண்டன.

சமவெளி நகரமாயின் இந்தப் புகையைக் கடற்காற்று ஓரளவு அள்ளிச் சென்றுவிடும். கண்டியில் மலைகள் விடா. அத்துடன் மற்றொரு இடையூறும் உண்டு. பொதுவாக நிலத்தை ஒட்டிய காற்று வெப்பமாகவும், மேலே செல்லச் செல்லக் குளிர்ந்தும் இருக்கும். வெப்பக் காற்று எழும்போது புகையையும் உடன் தூக்கிச் செல்லும். ஆனால் வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவுகளில் மலைச்சரிவுகள் விரைவில் குளிர்கின்றன. கனத்த குளிர்காற்று சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தாக்கில் தேங்குகிறது. அதன்மேல் வெப்பக் காற்று ஒரு மூடி போலப் படிந்துவிடுகிறது. கீழுள்ள புகை எழ முடியாது. பக்கத்தில் ஓடவும் முடியாது. வெயில் ஏறி அந்த மூடி கலையும்வரை, காலை நேரத்து வாகனப் புகை முழுவதும் கிண்ணத்துக்குள்ளேயே நிற்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கும் நேரமும் அதுவே.

பேராதனைப் பல்கலைக்கழகத்து இரசாயனப் பேராசிரியர் ஒலிவர் இலேபெரும கண்டியின் இந்நிலையைப் பல்லாண்டுகளாக அளந்தும் எழுதியும் எச்சரித்தவர். அதே பல்கலைக்கழகத்துப் பொறியியற் பீடத்தைச் சேர்ந்த ஆய்வாளர் 2008இல் வெளியிட்ட ஆய்வு, நகரக் காற்றிலுள்ள துணிக்கைகளை வாகன நெரிசலோடு இணைத்துக் காட்டியது. துணிக்கைகளில் ஒட்டியிருக்கும் புற்றுநோய்க்குக் காரணமான சேர்வைகளை நகர், புறநகர், கிராமம் என்று மூவகை இடங்களில் அளந்து 2011இல் வேறோர் ஆய்வு வெளிவந்தது; நெரிசல் மிக்க நகர்ப்புறத்தில் அவை கிராமத்தைவிடப் பன்மடங்கு மிகுந்திருந்தன. நகரின் நுண்துணிக்கை அளவையும், சுவாச நோய்களுக்காக வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டோர் தொகையையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2021இல் வெளியாயிற்று. துணிக்கை மிகுந்தால் அனுமதியும் மிகுகிறது என்பதே அதன் முடிவு. குழந்தைகளைப் பற்றி இதற்கு முன்பே கொழும்பில் ஒரு சான்று கிடைத்திருந்தது. 1999இல் வெளியான ஆய்வில், காற்றில் கந்தகம், நைதரசன் ஆகியவற்றின் ஒட்சைட்டுகள் மிகுந்த நாட்களில், லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு மூச்சிழுப்போடு வரும் பிள்ளைகளும் மிகுந்தமை காணப்பட்டது.

நுண்துணிக்கை என்பதை வாசகர் எளிதில் மனங்கொள்ள ஓர் உவமை சொல்லலாம். ஆபத்து மிகுந்த துணிக்கைகளின் குறுக்களவு 2.5 மைக்ரோன் அல்லது அதனிலும் குறைவு. தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூக்கின் மயிரும் தொண்டையின் சளியும் அதைத் தடுக்கமாட்டா. சுவாசப்பையின் கடைக்கோடி அறைவரை அது செல்லும். ஒரு கன மீற்றர் காற்றில் இத்துணிக்கை ஆண்டுச் சராசரியாக 25 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்று 2008இல் திருத்தப்பட்ட இலங்கையின் நியமம் விதிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் விதித்த அளவோ 5 மைக்ரோகிராம். நமது சட்டம் மீறப்படாதபோதே, நம் பிள்ளைகள் உலக அளவைப்போல் ஐந்து மடங்கைச் சுவாசிக்க இடமிருக்கிறது.

2020 மார்ச்சில் கொள்ளை நோயை முன்னிட்டு ஊரடங்கு பிறந்து வீதிகள் வெறிச்சோடியபோது, ஹந்தானை முகட்டின் ஒவ்வொரு மரமும் எண்ணத்தக்க துலக்கத்தோடு தெரிந்ததை நாம் கண்டோம். அதுவரை நாம் பனியென்று நம்பியதில் எவ்வளவு புகை என்பது அன்றுதான் புலப்பட்டது.

அடுப்படியில் எழும் புகை

நகரத்துத் தெருவை மட்டும் பழித்துவிட்டு நாம் கைகழுவிக்கொள்ள முடியாது. கண்டியைச் சூழ்ந்த மலைகளில் ஹந்தானை, கலகா, தெல்தோட்டை என்று தேயிலைத் தோட்டங்கள் விரிகின்றன. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் முதன்முதல் தேயிலையை வணிகப் பயிராக நட்ட லூல்கந்துரைத் தோட்டமும் இப்பக்கத்ததே. அங்கே காற்று தூயது. பசுமை கண்ணுக்கு விருந்து. ஆனால் அந்தத் தூய காற்றின் நடுவே, பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறைக்குள், ஈர விறகு புகைகிறது. புகைபோக்கி இல்லை, குளிருக்கு அஞ்சிச் சாளரத்தையும் அடைத்துவிடுவார்கள். அப்பாயி ஊதுகுழலால் அடுப்பை ஊத, குளிர் காயும் பேரப்பிள்ளைகள் அவரை ஒட்டியே அமர்ந்திருப்பார்கள். அன்பு நிறைந்த அந்த மூலைதான் வீட்டிலேயே புகை மிகுந்த மூலை.

தோட்டத்துக்கு மட்டும் உரிய குறையன்று இது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் குடும்பங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் விறகையே எரித்தன. 2022இன் பொருளாதார நெருக்கடியில் எரிவாயு கிட்டாமற் போகவே, காஸ் அடுப்புக்கு மாறியிருந்த நகரத்தாரும் முற்றத்தில் மூன்று கல்லை வைத்தார்கள். வறுமையும் தட்டுப்பாடும் எரிபொருளைத் தீர்மானிக்கும்போது, விறகெரிப்பவரைக் கடிந்துரைக்க எவருக்கும் உரிமையில்லை.

ஆனால் விலை கொடுத்து வாங்கிக் கொளுத்தும் புகையும் உண்டு. ஒரு நுளம்புத்திரி எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துணிக்கை 75 முதல் 137 வரையான சிகரட்டுகளின் அளவுக்குச் சமமாகும் என்று, சீன, மலேசியத் திரிகளைச் சோதித்த ஆய்வு 2003இல் வெளியிட்டது. அதைக் குழந்தையின் தலைமாட்டில் வைத்துக் கதவையும் சாத்திவிட்டு, நிம்மதியாகப் படுக்கிறோம். தலைக்குக் குளித்த பிள்ளையின் ஈரமுடியைச் சாம்பிராணித் தூபத்தின்மேல் பிடிப்பதும் நம் தாய்மாரின் அன்பு வழக்கமே. மணமுள்ள புகை தீங்கற்றது என்ற நம்பிக்கை நெடுங்காலத்தது. மூச்சுக்குழலுக்கோ மணத்தில் பேதம் தெரியாது. இவற்றோடு, சருகையும் பிளாஸ்டிக் பையையும் கூட்டி மாலையில் வளவின் மூலையில் எரிக்கும் வழக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆணின் சிகரட்டைப் பற்றித் தனியே கூறவும் வேண்டுமோ?

கடல் கடந்தும் கண்டியை வந்தடைவதுண்டு. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இந்தியப் பெருநிலத்தின் மாசு இலங்கைமேல் படர்வதை ஆய்வாளர் முன்பே சுட்டியிருந்தனர். 2022 டிசம்பரில், வங்கக் கடலில் புயல் உருவாகியிருந்த நாட்களில், யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிவரை வானம் மங்கியது. காற்றின் தரம் கெட்டதை முன்னிட்டு டிசம்பர் 9ஆம் திகதி அரசாங்கப் பாடசாலைகள் மூடப்பட்டன. மழைக்கும் வெள்ளத்துக்கும் பள்ளி மூடக் கண்ட நமக்கு, காற்றுக்காகப் பள்ளி மூடியது புதுமை. புகைக்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை என்பது அன்று நாடறிந்தது. எனினும் அயலார் புகை சில நாள் விருந்தாளி. நம் புகை ஆண்டு முழுவதும் வீட்டோடு இருப்பது.

ஒரு சிறுமியின் மரணச் சான்று

இலண்டன் மாநகரை 1952 டிசம்பரில் ஐந்து நாட்கள் கரிப்புகை மூடியது. அங்கும் குளிர்காற்று கீழே தேங்க, வெப்பக் காற்று மூடியாய் நின்றது. அன்றைய கணக்கில் நாலாயிரம் உயிர்கள் பலியாயின. நான்கு ஆண்டுகளில், 1956இல், தூய காற்றுச் சட்டம் பிறந்தது.

அதே இலண்டனில், அறுபது ஆண்டுகளின் பின், எல்லா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013 பெப்ரவரியில் ஆஸ்துமாவால் இறந்தாள். வாகன நெரிசல் மிக்க பெருந்தெருவொன்றுக்கு அருகே அவள் வீடு. இறப்பதற்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தடவை வைத்தியசாலை சென்றவள். தாய் விடவில்லை. என் மகள் எதனால் இறந்தாள் என்று ஆண்டுக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டாவது விசாரணையின் முடிவில், 2020 டிசம்பரில், மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார்: காற்று மாசும் அவள் மரணத்துக்குக் காரணம். பிரித்தானியாவில் ஒருவரின் மரணச் சான்றில் அக்காரணம் எழுதப்பட்டது அதுவே முதன்முறை.

அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எமக்கு மார்கழி இரவின் சீழ்க்கை ஒலிதான் காதில் விழுந்தது. மூச்சு முட்டி இறக்கும் குழந்தையின் சான்றில் நோயின் பெயர் எழுதப்படுகிறது. புகையின் பெயர் எழுதப்படுவதில்லை. எழுதப்படாத குற்றத்துக்கு வழக்கும் இல்லை, தண்டனையும் இல்லை.

மருந்துக்கு அஞ்சுதல்

நமது வீடுகளில் காணப்படும் விந்தை யாதெனில், புகைக்கு அஞ்சாத நாம் மருந்துக்கு அஞ்சுகிறோம். “இன்ஹேலர் பழகினால் விட முடியாது”, “பெண்பிள்ளை இதை இழுப்பதைக் கண்டால் நாளைக்குச் சம்பந்தம் பேச யார் வருவார்கள்” என்ற பேச்சுக்களைக் கேளாதவர் யார்? அதனால் மருந்தை ஒளித்து வைக்கிறார்கள், நோயையும் ஒளிக்கிறார்கள், பள்ளிக்கூடத்து ஆசிரியருக்கும் சொல்வதில்லை. இழுப்பு வந்தபின் நடுச்சாமத்தில் ஓடுகிறார்கள்.

வைத்தியர் கூறுவது தெளிவானது. இம்மருந்து இருவகைப்படும். ஒன்று, இறுகிய தசையை உடனே தளர்த்தித் திணறலைத் தணிப்பது. மற்றொன்று, உட்சுவரின் வீக்கத்தை நாளடைவில் ஆற்றி, திணறல் வராமலே தடுப்பது. இரண்டாவதை நோய் தெரியாத நாட்களிலும் வைத்தியர் சொன்னபடி விடாது எடுக்க வேண்டும். நலமாயிருக்கிறான் என்று தாமாகவே நிறுத்துவதால்தான் பல பிள்ளைகள் மீண்டும் படுக்கையில் விழுகிறார்கள். உறிஞ்சும் மருந்து நேரே மூச்சுக்குழலுக்குச் செல்வதால், விழுங்கும் மருந்தினும் மிகச் சிறிய அளவே போதுமானது. சிறு பிள்ளைக்கு உதவப் பிளாஸ்டிக் குடுவையும் உண்டு. மூக்குக்கண்ணாடி அணிவதற்கு வெட்கப்படாத நாம் இதற்கு மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்? பேச முடியாதபடி மூச்சுத் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, தைலமும் கஷாயமும் தேடி நேரத்தைக் கடத்தாமல் வைத்தியசாலைக்கு விரைய வேண்டும்.

பாதி நம் கையில்

மாசை ஒழிப்பது ஆகாத காரியம் என்று சோர்பவர்க்குச் சில செய்திகள். இலங்கையில் 2002இல் பெற்றோலிலிருந்து ஈயம் நீக்கப்பட்டது. 2008இல் நீலப்புகை கக்கும் பழைய வகை முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டது; வாகனப் புகைப் பரிசோதனையும் அவ்வாண்டிலேயே மேல் மாகாணத்தில் தொடங்கிப் பின்னர் பிற இடங்களுக்குப் பரவியது. அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளின் மூச்சு வலிமையைப் பல்லாண்டு அளந்தார்கள். சட்டத்தால் காற்று தூயதாகத் தூயதாக, பின்னால் வந்த பிள்ளைகளின் சுவாசப்பை முன்னவரினும் நன்கு வளர்ந்ததை 2015இல் வெளியிட்டார்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளும் அப்பயனைப் பெற்றார்கள்.

கண்டிக்கு வேண்டியவை பெரிய மந்திரங்கள் அல்ல. நிற்கும் பஸ்ஸின் இயந்திரத்தை நிறுத்தச் செய்தல். புகை கக்கும் வாகனத்தைத் தெருவிலேயே மறித்துச் சோதித்தல். ஒரு பிள்ளைக்கு ஒரு வாகனம் என்பதை விட்டு, நல்ல பாடசாலை பஸ்களை ஓட்டுதல். அன்றன்றைய காற்றின் நிலையை மழைச் செய்தியைப் போல மக்கள் அறியும்படி மூன்று மொழியிலும் அறிவித்தல். தோட்ட வீடுகளைக் கட்டும்போது புகைபோக்கியையும் சுவரைப் போலவே இன்றியமையாத உறுப்பாகக் கருதுதல். இவை மாநகர சபையும் அரசும் தோட்ட நிர்வாகங்களும் செய்ய வேண்டியவை. பெற்றோர் சேர்ந்து கேட்க வேண்டியவை.

மற்றப் பாதி நம் கையில் இருக்கிறது. அடுத்த வீட்டார் அதைச் செய்து காட்டினார்கள். அன்றைய இரவின் பின், தந்தை வீட்டின் பின்புறம் தகரத்தால் ஒரு தாழ்வாரம் இறக்கி, அடுப்பை அங்கே மாற்றினார். விறகை ஒரு வாரம் வெயிலில் உலர்த்திய பின்பே எரித்தார்கள். நுளம்புத்திரிக்குப் பதில் வலை வந்தது. தலையணைகள் வாரந்தோறும் வெயில் கண்டன. பையனின் புத்தகப் பையில் மருந்துக்கென ஓர் இடம் ஒதுக்கப்பட்டது, வகுப்பாசிரியைக்கும் தெரிவித்தார்கள். சாம்பிராணியை விடுவதற்குத்தான் அப்பாயி நெடுநாள் இசையவில்லை. பிறகு அதுவும் சாமி அறையோடு நின்றது.

பையனுக்கு இழுப்பு முற்றாய் நீங்கிவிட்டதென்று சொல்வதற்கில்லை. மார்கழி, தை மாதங்களில் இடையிடையே நெஞ்சு சீழ்க்கையடிக்கும். ஆயினும் நள்ளிரவு ஓட்டம் அருகிவிட்டது. எஞ்சியிருப்பது தெருப்புகை. அதைத் தகரத் தாழ்வாரத்துக்கு அப்புறப்படுத்த அந்தத் தந்தையால் ஆகாது.

தை மாதத்து ஒரு காலை, பள்ளிக்குப் புறப்பட்ட பேரனைக் கையில் பிடித்தபடி அப்பாயி வாசலில் நின்றார். கீழே நகரத்தின்மேல் வெள்ளையாய் ஒன்று படிந்து கிடந்தது. முன்பெல்லாம் அதைக் கண்டால் பேரனின் தலையில் துணியைச் சுற்றிவிட்டுப் பேசாதிருப்பவர், அன்று எம்மைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

“ஐயா, அங்க கெடக்குறது பனியா, பொகையா?”

கண்டியில் பிள்ளை வளர்க்கும் ஒவ்வொருவரும், நகரை ஆளும் ஒவ்வொருவரும், காலைதோறும் கேட்க வேண்டிய கேள்வி அது.